அறைக்கு ஞானத்தாய்

நான் நல்லவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் சிரமமில்லை, எனக்கும் சிரமமில்லை.

எங்கள் ஊர் இசமாலில் ஒரு கல்யாணம் என்றால் இரண்டு வீட்டார் மட்டும் சேர்ந்து நடத்திவிட முடியாது. ஒவ்வொரு சாமானுக்கும் அதன் செலவை ஏற்று நிற்க ஒரு ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ வேண்டும். மோதிரத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், பூச்செண்டுக்கு, பாட்டுக்காரர்களுக்கு, பீருக்கு, மணப்பெண்ணின் செருப்புக்கு. என் சித்தி மகள் கல்யாணத்தில் பிளாஸ்டிக் தட்டுக்குக்கூட ஒரு ஞானத்தகப்பன் நின்றார். தேவாலயப் பூசையில் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம். இப்படி நிற்கச் சொல்லிக் கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் அந்தக் குடும்பத்தைச் சந்தையில் வைத்துச் செருப்பால் அடித்ததற்குச் சமம்.

என் தங்கை லாண்டி என்னிடம் கேட்டது அறை. தேனிலவுக்குப் போய்த் தங்குகிற அறை.

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வில்பர்த் வாசல் நிலையில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவன்தான் மாப்பிள்ளை. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன். நகத்துக்கடியில் எப்போதும் கிரீஸ் இருக்கும், ஆனால் ஆரஞ்சை மட்டும் ஒரு சொட்டுக்கூட கீழே சிந்தாமல் ஒரே சுருளாக உரிப்பான்.

"அக்கா, நீ ரூமுக்கு ஞானத்தாயா நில்லுக்கா. பஸ்ஸு, ஊரு, விடுதி எல்லாம் உனக்குத்தான் தெரியும். விலை கம்மியா இருக்கணும், ஆனா வேகக்கூடாது," என்றாள் லாண்டி.

பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள் நான். எனக்குத் தெரியும் என்று அவள் சொன்னதில் அதிசயம் ஒன்றுமில்லை. அம்மாவும் மாவிலிருந்து கையை எடுக்காமலே, கேக்கறாள்ல, நில்லேன் என்றாள். நான் வில்பர்த்தைப் பார்த்தேன். அவன் ஆரஞ்சைப் பார்த்தான். பாவம், அவனால் வாயைத் திறக்க முடியவில்லை, தங்கை அறியாமல் கேட்டுவிட்டாள், உள்ளுக்குள் துடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மடத்தனம் என்று பிறகு தெரிந்தது.

சரி, நிற்கிறேன் என்று சொன்னேன்.

வில்பர்த்தும் நானும் இரண்டு வருஷம் பழகினோம். வீட்டுக்குத் தெரியாமல்தான். கிரீஸ் கைக்காரன் என்றால் அம்மாவுக்கு ஆகாது, அப்போது. முதலில் அம்மாவைச் சரிக்கட்டுகிறேன், பிறகு வீட்டுக்கு வா என்று நான்தான் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டதில் அவனுக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் டிக்கெட் கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, நமக்கு ஒத்து வராது மிர்னா என்றான். அவனுக்குப் பின்னால் நாலு பேர் மெரிதாவுக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள். நான் அடுத்தவர் வாங்க என்றேன். ஐந்து மாதம் கழித்து லாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே எங்கள் வீட்டுக்குள் வந்தான். அம்மாவுக்கு அந்தக் கைகள் அதற்குள் உழைக்கும் கைகளாகிவிட்டன.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. லாண்டிக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவன் என்னை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன்.

இப்போது அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை நாங்கள் வெளியூர் போனோம். பஸ் கம்பெனியில் பயிற்சி என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். செலஸ்துன் போனோம், கடலோரம். ஏப்ரல் கடைசி. விதைப்புக்காகக் காட்டை எரிக்கிற புகை கடல்வரைக்கும் வந்திருந்தது. பகலெல்லாம் தலையில் தணல் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. ஏசி போட்ட இடங்களில் விலை கேட்டுவிட்டுத் திரும்பித் திரும்பி வந்தோம். கடைசியில் பின்தெருவில் 'வெள்ளைக் கொக்கு' என்று ஒரு விடுதி. பெர்த்தா அம்மா என்று ஒரு பெரிய உடம்புக்காரி நடத்துகிறாள். நாலாம் நம்பர் அறையைக் கொடுத்தாள். கட்டில் கிடையாது. யாருக்கு வேண்டும் கட்டில்? பிறந்ததிலிருந்து சாகிறவரை நூல் தூளியில் தூங்குகிறவர்கள் நாங்கள். தொட்டிலை விட்டு இறங்கிப் பெரிய தூளியில் ஏறுவோம், கல்யாணம் ஆனால் அதைவிடப் பெரிய தூளி, அவ்வளவுதான். போகிற இடமெல்லாம் தூளியைச் சுருட்டிப் பையில் எடுத்துப் போவோம். சுவரில் கொக்கி இருந்தால் போதும்.

நாலாம் நம்பரில் ஆறு கொக்கி. மூன்று ஜோடி. விசிறி ஒன்று இருந்தது, மதியமானால் கரண்ட் போய்விடும். முதல் ஜோடி தெருச் சுவரை ஒட்டி. அதில் கட்டினோம், பத்து நிமிஷம்கூடப் படுக்க முடியவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மீன் பொரிக்கிற கடையின் அடுப்பு. சுவரில் முதுகு பட்டால் பொசுங்கும். நடுவில் இருந்த ஜோடியும் சரியில்லை, காற்று அதற்கு மேலே போய்விடும். நான் தம்ளர் தண்ணீரில் ஆள்காட்டி விரலை நனைத்து உயரத் தூக்கிக்கொண்டு அறை முழுக்க நடந்தேன், விரலின் எந்தப் பக்கம் சில்லிடுகிறது என்று பார்த்துப் பார்த்து. குனிந்தேன், முட்டி போட்டேன், நாற்காலியில் ஏறினேன். வில்பர்த் தரையில் மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டே கிடந்தான். வானிலை அறிக்கை, வானிலை அறிக்கை என்று கத்தினான். குளியலறைக் கதவுக்கு மேலே ஓட்டைக்கல் வைத்திருந்தார்கள். அங்கே வந்ததும் விரல் சில்லென்று ஆனது. கடல் காற்று அந்த ஓட்டைகள் வழியாக நுழைந்து, முற்றத்து ஜன்னல் வழியாக வெளியே போகிறது. மூன்றாவது ஜோடிக் கொக்கி சரியாக அந்த வழியில் இருந்தது.

தூளியை மாற்றிக் கட்டி, குறுக்காகப் படுத்தோம், இரண்டு பேரும். காற்று காலிலிருந்து தலைக்கு ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. மணி இரண்டு இருக்கும். ஊரே வெந்துகொண்டிருந்தது, எங்களுக்கு மட்டும் குளிர்ந்தது. நான் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு அப்படி இருந்ததில்லை. வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

பெர்த்தா அம்மாவுக்குப் போன் போட்டேன். மே மாதம், வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று ராத்திரி, புதுசாகக் கல்யாணமானவர்கள் என்றேன். புதுசா ஆனவங்களுக்கு ஏசி எதுக்கு, எப்படியும் வேர்க்கத்தான் போகுது என்றாள் அவள். நாலாம் நம்பர்தான் வேண்டும் என்றேன்.

"இங்க வந்து தங்கியிருக்கியாம்மா நீ?"

"இல்ல. தெரிஞ்சவங்க சொன்னாங்க."

"தெரிஞ்சவங்களுக்கு நல்ல ருசி," என்று சொல்லிவிட்டுப் பணம் அனுப்புகிற விவரம் கொடுத்தாள்.

வில்பர்த்தை அதே அறைக்குள் அனுப்புவது என் முதல் எண்ணம். கதவைத் திறந்ததும் அவன் முகம் செத்துப்போக வேண்டும். அது மட்டும் போதாது என்று இரண்டு நாள் கழித்துத் தோன்றியது. முகத்தை யார் பார்ப்பார்கள்? லாண்டி தூளியை அவிழ்த்துக்கொண்டிருப்பாள். அவன் இரண்டு நொடியில் முகத்தைச் சரிசெய்துகொள்வான், அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன். எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு சீட்டு எழுதினேன். விடுதிக்கு வழி, பஸ் நேரம், நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், 'தூளியைத் தெருச் சுவர்ப் பக்கத்துக் கொக்கியில் கட்டு, அதுதான் அறையிலேயே குளிர்ச்சியான இடமாம்' என்று எழுதினேன். லாண்டியின் கையில் கொடுத்தேன். அவள் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

கணக்கு இதுதான். லாண்டி சீட்டைப் பார்த்துத் தெருச் சுவரில் கட்டச் சொல்வாள். அது அடுப்பு என்று வில்பர்த்துக்குத் தெரியும். வாயைத் திறந்து, அங்கே வேண்டாம், இங்கே கட்டு என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். மாட்டிக்கொள்வான். வாயைத் திறக்காவிட்டால் மூன்று ராத்திரியும், புதுப் பெண்டாட்டியோடு, அந்தச் சுவரில் வேக வேண்டியதுதான். பக்கத்திலேயே காற்று போய்க்கொண்டிருக்கும், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். எதைச் செய்தாலும் என்னை நினைக்காமல் செய்ய முடியாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு தடவையாவது, ஒரு மணி நேரமாவது, அந்த அறை எங்களுடையது என்று அவனுக்கு உறைக்க வேண்டும்.

தங்கையும் சேர்ந்து வேகுமே என்று தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்றியது. வேகட்டும் என்றும் தோன்றியது.

கல்யாணம் வியாழக்கிழமை நடந்தது. சனிக்கிழமை என்றால் மண்டப வாடகை கூட என்று வில்பர்த் கண்டுபிடித்துச் சொன்னான். பூசை முடிந்து விருந்தில் ஞானத்தாய்களையும் ஞானத்தகப்பன்களையும் ஒவ்வொருவராக மைக்கில் கூப்பிட்டார்கள். அறைக்கு ஞானத்தாய், மணப்பெண்ணின் அக்கா மிர்னா என்றதும் ஆண்கள் மேசையில் விசில் பறந்தது. ரூமை நல்லா சோதிச்சுப் பாத்தியா மிர்னா என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் எழுந்து நின்று கையசைத்தேன். வில்பர்த் கைதட்டினான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்ததும் நான்தான். நிழல் விழுகிற பக்கத்துச் சீட்டு. லாண்டியின் தோளில் அம்மா கொடுத்த நீலத் தூளி மூட்டையாகத் தொங்கியது, இரண்டு பேர் படுக்கிற பெரிய தூளி. அவன் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு, வர்றோம் அக்கா என்றான்.

அந்த மூன்று நாளும் இசமாலில் நாற்பத்தோரு டிகிரி. ஊரெல்லாம் மஞ்சள் பூசிய சுவர்களை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை, கண் கூசியது. கவுண்டருக்குள் என் மேசை விசிறி வெந்நீர் மாதிரி காற்றை முகத்தில் கொட்டியது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு, இப்போது கரண்ட் போயிருக்கும் என்று நினைப்பேன். இரண்டு மணிக்கு, மீன் கடையில் கூட்டம் நெரியும், அடுப்பு முழுசாக எரியும் என்று நினைப்பேன். நாலு மணிக்கு அவன் முதுகை நினைப்பேன். மெரிதாவுக்கு இரண்டு டிக்கெட் கேட்டவருக்கு மோத்துலுக்கு இரண்டு கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினேன். திட்டிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தேன்போல. அவர் இன்னும் அதிகமாகத் திட்டினார்.

லாண்டி எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள், எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். சண்டை என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை ஒரு படம் அனுப்பினாள், மணலில் நாலு பாதம், பின்னால் கடல். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று, தட்டில் பொரித்த மீன், எலுமிச்சை. 'ரூம் எப்படி?' என்று கேட்டேன். 'சூப்பர் அக்கா' என்று வந்தது, பின்னால் ஒரு சிவப்பு இதயம். அறையின் படம் ஒன்றுகூட இல்லை. மீன் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன், ஓரத்தில் ஏதாவது நீல நூல் தெரிகிறதா, அது எந்தச் சுவர் என்று. எலுமிச்சை விதைதான் தெரிந்தது.

வேகிறாள், ஆனால் ஞானத்தாய் மனசு நோகக் கூடாதென்று மறைக்கிறாள். அப்படித்தான் முடிவு கட்டினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் வெந்துகொண்டு கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது. பழைய அன்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பெர்த்தா அம்மாவுக்குப் போன் செய்து வேறு அறை மாற்றிக் கொடுக்கச் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் வந்து இறங்கினார்கள். திங்கட்கிழமை என்பதால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே வாசனை, கறுப்பு பீன்ஸ் குழம்பில் பன்றிக்கறி வேகிற வாசனை. நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். வெந்த முகமே இல்லை. லாண்டியின் கன்னம் பளபளவென்று இருந்தது. வில்பர்த் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, அக்கா எப்படி இருக்கீங்க என்றான்.

முள்ளங்கி நறுக்கப் பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது லாண்டி வந்தாள். கொத்தமல்லியை அலசுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள்.

"அக்கா, தெருச் சுவர்னு ஏன் எழுதின?"

"அங்கதான் குளுகுளுன்னு இருக்கும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

நான் முள்ளங்கியைப் பார்த்தேன்.

"அந்தச் சீட்டை அவர்கிட்ட காட்டினேன்," என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. "படிச்சிட்டுச் சிரிச்சார். உங்கக்காவுக்கு இன்னும் கோவம் தீரலன்னார். நேரா போய் பாத்ரூம் பக்கத்துக் கொக்கில கட்டிட்டுப் படுத்துட்டார். ராத்திரி போத்திக்க வேண்டியதாப் போச்சு தெரியுமா?"

"எனக்கு என்ன கோவம்?"

"நடிக்காதக்கா. எனக்கு முதல்லயிருந்தே தெரியும். என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் நம்ம வீட்டு வாசப்படி ஏறினார். நீயா சொல்லுவன்னு பாத்தேன், சொல்லல. சரி, உன் இஷ்டம்னு விட்டுட்டேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். எல்லாம் தெரிந்து என்னை அறைக்கு நிற்கச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அது வேண்டுமென்றே என்னைக் குத்தத்தான். அதைக் கேட்டேவிட்டேன், என்னைக் குத்திப் பாக்கத்தான நிக்கச் சொன்ன என்று. அவள் நிஜமாகவே ஒன்றும் புரியாதவள்போல் நின்றாள்.

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. அவருக்கு அந்த இடம் பேரு மறந்துபோச்சு. செலஸ்துன்ல ஒரு விடுதி, விலை ரொம்பக் கம்மி, காத்து அள்ளிட்டுப் போகும், கொக்கா நாரையா என்னவோ ஒரு பறவை பேருன்னார். ரெண்டு பேரும் எவ்வளவோ தேடினோம், ஒண்ணும் கிடைக்கல. உங்கக்காவுக்கு ஞாபகம் இருக்கும், அவளை ரூமுக்கு ஞானத்தாயா நிக்கச் சொல்லு, வேற ரூமு போடவே மாட்டாள்னார். அதே மாதிரி போட்ட." கொத்தமல்லியை உதறினாள். தண்ணீர் என் முழங்கையில் தெறித்தது. "ரூம் நிஜமாவே நல்லாருந்துது. அதுக்கு உனக்குத் தேங்க்ஸ் சொல்லணும். அம்மாகிட்ட எதையும் சொல்ல மாட்டேன், பயப்படாத."

பேரு மறந்துபோச்சா என்று மட்டும் கேட்டேன்.

"உனக்குத்தான் தெரியுமே, அவருக்குப் பேரே நிக்காது," என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லியோடு உள்ளே போனாள்.

நான் மீதி முள்ளங்கியை நறுக்கினேன். மெலிசாக, ஒரே அளவாக. இத்தனை மாதம் ஒரு ரகசியத்தை இரண்டு கையாலும் பொத்திவைத்திருந்தேன், நான் நினைத்தால் இந்தக் கல்யாணத்தையே கவிழ்க்கலாம் என்று. உள்ளே ஒன்றுமே இருந்திருக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு மலிவாக ஒரு அறை பிடித்திருக்கிறார்கள். அவனுக்கு அது எங்கள் அறை இல்லை. என் அறைகூட இல்லை. காற்று வருகிற அறை, அவ்வளவுதான். விலை கம்மி.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பீன்ஸும் கறியும் பரிமாறினாள். செம்பருத்தித் தண்ணீர் பெரிய ஜாடியில் இருந்தது, சிவப்பாக, ஐஸ் போட்டு. வில்பர்த் மிளகாயைக் கடித்துவிட்டு அம்மாவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தான். அம்மா கடற்கரையைப் பற்றிக் கேட்டாள், அவன் படகைப் பற்றிச் சொன்னான். மனசுக்குள் எனக்கு ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. பேர் மறந்தாலும், கொக்கியை நினைவு வைத்திருந்தாலும், அந்த இரண்டு மணி மதியத்தை அவன் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டான் என்று நினைத்தேன். காற்று எங்கே என்று நான் தேடிய அந்தக் கொஞ்ச நேரத்தை. அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அதற்கு விலையும் இல்லை, பிரயோசனமும் இல்லை. அதனால் அது என்னிடம்தான் இருக்கும்.

கரண்ட் போய்விட்டது. விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது. அம்மா மேல்துண்டால் விசிறிக்கொண்டே, ஐயோ வேகுதே, காத்து எந்தப் பக்கமிருந்து வருது, மேசையை அங்க தள்ளலாம் என்றாள்.

லாண்டி வில்பர்த்தைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலைத் தன் தம்ளரில் முக்கினாள். அதை உயரத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நாற்காலியில் இருந்தபடியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திரும்பினாள். கழுத்தை நீட்டி, முகத்தை ரொம்பத் தீவிரமாக வைத்துக்கொண்டு. நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். வில்பர்த்தின் வாயிலிருந்து பீன்ஸ் தெறித்தது.

"வானிலை அறிக்கை," என்றான், மூச்சுத் திணறிக்கொண்டே.

அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். விரலிலிருந்து சிவப்புத் தண்ணீர் மணிக்கட்டுக்கு வழிந்தது. இது இன்றைக்கு முளைத்த சிரிப்பு இல்லை. மூன்று நாளாக, அந்தக் கொக்கியில் கட்டிய தூளியில் குறுக்காகப் படுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் செய்துபார்த்துச் சிரித்த சிரிப்பு.

என்னடி அது என்று அம்மாவும் சிரிப்பு தொற்றிக்கொண்டு கேட்டாள். ஒண்ணுமில்லம்மா, நாங்க ரெண்டு பேரும் அங்க கத்துக்கிட்ட விளையாட்டு என்றாள் லாண்டி. என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று அல்ல, என் ஞாபகமே அவளுக்கு அப்போது இல்லை.

"பின்வாசல் பக்கம் தள்ளுங்கம்மா," என்றேன். "அங்கதான் காத்து."

வில்பர்த் எழுந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறு முனையைப் பிடித்தேன். பின்வாசலை ஒட்டிப் போட்டோம். காற்று வந்தது. அம்மா அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் அவன், உட்கார்ந்துகொண்டே.

தட்டை நீட்டினான். இன்னும் கொஞ்சம் பீன்ஸ் ஊற்றினேன்.